சோளப் புன்செயில் உழவும் உழாமையும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப்பாதையில், கேரள எல்லைக்குள் அமைந்த சிற்றூர் மீனாட்சிபுரம். அதனைச் சூழ்ந்த சித்தூர் வட்டத்தின் கிழக்குப் புன்செய்களிலும், எல்லைக்கு அப்பாலுள்ள பொள்ளாச்சிப் பகுதியிலும் சோளம் நெடுங்காலமாக விளைந்து வந்த பயிராகும். தென்னையும் பாசனப் பயிர்களும் பரவியபின் அதன் பரப்புச் சுருங்கியது. எனினும், சிறுதானியங்களின்பால் அண்மைக் காலத்தில் மீண்டும் நாட்டம் பிறந்துள்ளது. 2017-இல் அட்டப்பாடியில் கேரள அரசு சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியதும், 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியதும் இந்நாட்டத்தின் அடையாளங்கள்.

சோளத்தோடு ஒரு கேள்வியும் திரும்பி வந்துள்ளது. நிலத்தை உழுது விதைப்பதா, உழாமலே விதைப்பதா என்பதே அது. உழாத வேளாண்மை மண்ணைக் காக்கும், ஈரத்தைச் சேமிக்கும், செலவைக் குறைக்கும் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். உழவின்றி விளைவில்லை என்று மற்றொரு சாரார் உறுதியாக நிற்கின்றனர். கிராமங்களில் பணிபுரியும் கள அலுவலர்கள் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து விவசாயிக்கு உரைக்க வேண்டிய நிலையில் உள்ளனர். ஆனால் கேள்வி இவ்வடிவில் கேட்கப்படும்வரை அதற்குச் சரியான விடை கிடைக்காது. கலப்பை நிலத்தில் இறங்குகிறதா என்பதைக் காட்டிலும், அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் அந்நிலத்தை மூடியிருப்பது யாது என்பதே முதன்மையான கேள்வியாகும்.

நிலமும் மழையும்

கேரளம் என்றதும் பெருமழை நாடு என்ற எண்ணமே பலருக்கும் தோன்றும். சித்தூரின் கிழக்குப் பகுதி அவ்வெண்ணத்துக்கு விலக்காகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கு நோக்கியமைந்த இந்நிலம், அம்மாநிலத்தில் குறைந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்று. கேரளத்தில் கரிசல் மண் காணப்படுவதும் இச்சித்தூர் வட்டத்தில்தான். அக்கரிசலை அடுத்தே செம்மண் புன்செய்களும் உள்ளன. ஆனைமலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தளூர் ஆகிய ஊர்களும் இவ்வாறே மழைமறைவில் அமைந்தவை. இயற்கையை நோக்கின், இப்பகுதிகள் மேற்கிலுள்ள நெல்வயல்களைவிடக் கொங்கு நாட்டுப் புன்செய்களுக்கே நெருங்கிய உறவினர் எனலாம்.

ஆற்று நீரும் இங்கு அளந்து பெறப்படுவதே. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாகி, 1958 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் பகுதிக்கென ஆண்டுக்கு 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் வழங்கப்பட வேண்டும். வறட்சி ஆண்டுகளில் அந்நீர் குறித்து இரு மாநிலங்களும் வழக்காடுவது யாவரும் அறிந்ததே. வாய்க்கால் எட்டாத மானாவாரி நிலத்துக்கோ வானம் பொழிவது ஒன்றே வரவு. பொழிந்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் புகுந்து வேருக்கு எட்டுகிறது என்பதே அங்கு விளைவைத் தீர்மானிக்கிறது. உழவு, உழாமை ஆகிய இரண்டையும் இவ்வோர் அளவுகோலால் அளத்தல் வேண்டும்.

உழவின் தரப்பு

உழவர் பழக்கத்தை மூடப்பழக்கம் என்று ஒதுக்குவது விஞ்ஞான நோக்கு ஆகாது. உழவுக்கு வலுவான காரணங்கள் உண்டு. கோடை மழையின்போது உழுது போட்ட நிலம் அடுத்த மழையைத் தேக்கிக்கொள்ளும். களைகள் வேரோடு பெயர்ந்து காயும். மண்ணுக்குள் ஒளிந்த கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். உழுத புழுதியைக் கால் பங்காகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும் என்னும் கருத்தைத் திருக்குறள் உழவு அதிகாரத்தில் வைத்திருப்பதும், இவ்வனுபவம் எத்துணைப் பழமையானது என்பதைக் காட்டும்.

செம்மண்ணில் உழவுக்கு மேலும் ஒரு நியாயம் உண்டு. வெறுமையாகக் கிடக்கும் செம்மண்ணின் மீது மழைத்துளி அறையும்போது நுண்துகள்கள் சிதறி, துளைகளை அடைத்து, மேலே ஒரு பொருக்கை உண்டாக்கும். பொருக்குப் படிந்த நிலத்தில் மழை புகாது, வழிந்து ஓடிவிடும். அப்பொருக்கை உடைக்கக் கலப்பையே எளிய கருவி.

எனினும் உழவர் மரபும், இந்நாட்டு ஆராய்ச்சியும், அடிக்கடி உழுவதை என்றும் வற்புறுத்தியதில்லை. 1930-களில் அன்றைய இம்பீரியல் வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சோலாப்பூர், பிஜாப்பூர், ராய்ச்சூர், ரோத்தக், சென்னை மாகாணத்தின் ஹகரி ஆகிய இடங்களில் மானாவாரி ஆராய்ச்சி நடைபெற்றது. சோலாப்பூரில் இப்பணிக்குத் தலைமை வகித்தவர் கானிட்கர். கரிசல் சோளத்துக்கு ஆண்டுதோறும் ஆழ உழ வேண்டுவதில்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆழ உழுது இடையில் பலுகு ஓட்டினால் போதும் என்ற முறை அக்காலத்திலேயே பரிந்துரைக்கப்பட்டது. கரிசலின் இயல்பே இதற்குத் துணை. ஈரத்தில் பருத்தும் காய்ச்சலில் சுருங்கியும் வெடிக்கும் அம்மண் ஓரளவு தன்னைத் தானே உழுதுகொள்கிறது.

மலைவாழ் மக்களின் கொத்துக்காட்டு வேளாண்மையையும் இங்கு நினைவுகூரலாம். கலப்பையின்றி, மண்வெட்டியால் மேலாகக் கொத்தி, சாமையும் தினையும் சோளமும் கலந்து விதைத்த முறை அது. உழாமை என்பது கடல் கடந்து வந்த புதுமை அன்று. ஆனால், பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்து காடு மூடிய நிலத்தில்தான் அம்முறை செழித்தது என்பதையும் மறத்தல் ஆகாது. அங்கும் மண்ணைக் காத்தது அதன் மேலிருந்த மூடாக்கே.

உழாமையின் தரப்பு

1930-களில் அமெரிக்கப் பெருஞ்சமவெளிகளில் ஓயாது உழப்பட்ட நிலங்கள் வறட்சியில் தூளாகிக் காற்றில் பறந்தன. அப்பேரழிவு உழவைப் பற்றிய சிந்தனையையே மாற்றியது. 1943-இல் எட்வர்ட் பாக்னர் என்பார், இறக்கைக் கலப்பையால் மண்ணைப் புரட்டுவதே பிழை என்று வாதிட்டு ஒரு நூலை வெளியிட்டார். பின்னர் களைக்கொல்லிகள் வந்தன. கலப்பை செய்த களையெடுப்பை மருந்து ஏற்றுக்கொண்டதால், உழாமல் விதைப்பது பெரும்பரப்பில் இயல்வதாயிற்று.

சோளத்தைப் பொறுத்தவரை, டெக்ஸாஸ் மாநிலத்தின் புஷ்லாந்து ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த பரிசோதனைகள் புகழ் பெற்றவை. கோதுமை அறுவடைக்குப்பின் நிலத்தை ஏறத்தாழ 11 மாதங்கள் தரிசாக விட்டு, அடுத்துச் சோளம் விதைத்தார்கள். அங்கர், வீஸ் ஆகிய விஞ்ஞானிகள் 1979-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சட்டிக் கலப்பையால் உழுத நிலம் தரிசுக்கால மழையில் சுமார் 15 சதவீதத்தை மட்டுமே சேமித்தது. தாளைப் புரட்டாமல் அடியில் மட்டும் அறுக்கும் கருவி ஓட்டிய நிலம் சுமார் 23 சதவீதத்தையும், உழாத நிலம் சுமார் 35 சதவீதத்தையும் சேமித்தன. சோள விளைவு முறையே ஹெக்டேருக்கு 1.93, 2.50, 3.14 டன். இவ்வெண்களைக் காணும் எவரும் உழாமையின் பக்கம் சாய்வது இயல்பே.

எண்களுக்குள் மறைந்திருக்கும் நிபந்தனை

ஆனால் அப்பரிசோதனையில் சோளத்துக்கு முன் விளைந்த கோதுமை நீர் பாய்ச்சி வளர்க்கப்பட்டது. அதன் தாள் மிகுதியாக நிலத்தின்மேல் கிடந்தது. ஈரத்தைக் காத்தது கலப்பை இல்லாமையா, தாளின் போர்வையா? இவ்வினாவுக்கு அங்கரே ஓராண்டுக்கு முன் விடை தந்திருந்தார். ஒரே வகையான நிலத்தில் வெவ்வேறு அளவில் கோதுமைத் தாளைப் பரப்பி அவர் கண்ட முடிவுகள் 1978-இல் வெளிவந்தன. தாளே இல்லாத நிலம் தரிசுக்காலத்தில் 72 மி.மீ. நீரைச் சேமித்தது, சோளம் ஹெக்டேருக்கு 1.78 டன் விளைந்தது. ஒரு டன் தாள் பரப்பியபோது சேமிப்பு 99 மி.மீ., விளைவு 2.41 டன். நான்கு டன் பரப்பியபோது 116 மி.மீ., 2.98 டன். பன்னிரண்டு டன் பரப்பியபோது 147 மி.மீ., 3.99 டன்.

இதிலிருந்து இரு உண்மைகள் விளங்கும். முதலாவது, தாளின் அளவே ஈரத்தின் அளவைத் தீர்மானித்தது. இரண்டாவது, முதல் டன் தாளே அதிகப் பயன் தந்தது. அந்த ஒரு டன்னால் கூடுதலாகச் சேர்ந்தது 27 மி.மீ. நீர், ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். அதற்குப் பின்னர் சேர்த்த ஒவ்வொரு டன்னும் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை.

இதன் மறுபக்கமும் அதே புஷ்லாந்தில் தெரிந்தது. நீர் பாயாத மானாவாரிப் பயிரின் சொற்பத் தாளை மட்டும் வைத்து உழாமல் விட்ட நிலங்களில், தாளின் கீழ் மேலாக அறுத்த நிலத்தைவிட அதிக மழைநீர் வழிந்தோடியது. பாதுகாப்பற்ற மண்ணில் பொருக்குப் படிந்ததும், அதை உடைக்க எவரும் இல்லாததுமே காரணம். ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், 1972-இல் நிறுவப்பட்ட சர்வதேச வெப்பமண்டல வறள்நிலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் செம்மண்ணில் நடத்திய பரிசோதனைகளும் இதையே உணர்த்தின. வழிந்தோடும் நீரைக் குறைத்தது வைக்கோல் மூடாக்கு. வெறுமையாக உழாமல் விட்ட நிலம் அப்பயனைத் தரவில்லை.

உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. 63 நாடுகளில், 48 பயிர்களில் நடந்த 610 ஆய்வுகளை அது ஒருங்கே நோக்கியது. உழாமையால் விளைவு சராசரியாகச் சற்றேறக்குறைய 6 சதவீதம் குறைந்தது. ஆயினும் வறண்ட பகுதிகளின் மானாவாரி நிலங்களில், தாளை நிலத்தில் விட்டு, பயிரையும் சுழற்சியில் மாற்றியபோது, விளைவு சுமார் 7 சதவீதம் கூடியது. சுருங்கக் கூறின், மூடாக்கும் பயிர்ச் சுழற்சியும் சேர்ந்தால் உழாமை நன்மை; தனித்து நின்றால் பெரும்பாலும் நட்டம்.

தட்டு யாருக்கு உரியது?

இனி மீனாட்சிபுரத்துக்குத் திரும்பலாம். இங்குள்ள விவசாயி சோளத்தைத் தானியத்துக்காக மட்டும் விதைப்பதில்லை. கதிரை அறுத்தபின் தட்டை அடியோடு அறுத்து, கட்டாகக் கட்டி, வீட்டருகே போராக அடுக்குகிறான். கோடை முழுவதும் மாட்டின் தீவனம் அப்போரே. 1964-இல் சி.எஸ்.எச். 1 என்னும் நாட்டின் முதல் வீரியச் சோளம் வெளியிடப்பட்டபோது, அதன் தானிய விளைவை மெச்சிய விவசாயிகள் பலரும், குட்டையான அதன் தட்டைக் கண்டு தயங்கினர். அத்தயக்கத்தை அறியாமை என்று கொண்டது அன்றைய பரப்புரையின் குறை. விவசாயி இரண்டு விளைபொருள்களையும் கணக்கிட்டான். பரிந்துரைத்தவர்கள் ஒன்றை மட்டும் கணக்கிட்டார்கள்.

உழவு மாடுகள் குறைந்து டிராக்டர் வந்தபின்னும் தட்டின் தேவை குறையவில்லை. கேரளத்தில் பால் மிகுதியாகக் கிடைக்கும் பகுதிகளுள் சித்தூர் குறிப்பிடத்தக்கது. எல்லை கடந்து வரும் பாலைச் சோதிக்க, அம்மாநிலப் பால்வளத் துறையின் பரிசோதனைச் சாவடி மீனாட்சிபுரத்திலேயே இயங்குகிறது. இவ்வளவு கறவை மாடுகள் உள்ள பகுதியில் தட்டை வயலிலேயே விட்டுவிடச் சொல்வது எளிய அறிவுரை அன்று.

கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 300 கிலோ எடையுள்ள ஒரு மாடு, தன் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் வரை உலர்தீவனத்தை நாள்தோறும் உண்ணும். குறைந்த அளவாக 6 கிலோ எனக் கொண்டாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.2 டன் ஆகிறது. ஒரு ஹெக்டேர் மானாவாரிச் சோளத்தில் 4 டன் தட்டுக் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அது இரண்டு மாடுகளுக்கு ஓர் ஆண்டுக்கு முழுமையாகப் போதாது. அதிலிருந்து ஒரு டன்னை நிலத்துக்கு விடுவதென்பது, ஒரு மாட்டின் ஐந்தரை மாத உணவை விடுவதாகும். நிலத்தில் விட்ட தட்டின் பயன் அடுத்த ஆண்டு மழையைப் பொறுத்து வரும். மாட்டுக்கு இட்ட தட்டின் பயன் மறுநாள் காலையில் பாலாகக் கைக்கு வரும். சிறு விவசாயி எதைத் தேர்வான் என்பதை எவரும் அவனுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆப்பிரிக்கச் சிறுநிலங்களில் உழாமையைப் பரப்ப முயன்றவர்களும் இதே தடையைக் கண்டனர். அங்கும் தாளுக்கு மாடுகளே முதல் உரிமையாளர்; அறுவடைக்குப்பின் வயல் ஊர் மேய்ச்சலுக்குத் திறந்துவிடப்படுவதும் உண்டு. 2009-இல் கென் கில்லர் முதலிய விஞ்ஞானிகள், இம்முறை எல்லா நிலத்துக்கும் பொருந்தாது, எங்கு யாருக்குப் பொருந்தும் என்பதை ஆராய வேண்டும் என்று எடுத்துரைத்தது இவ்வனுபவத்தின் அடிப்படையிலேயே ஆகும்.

களையும் எல்லையும்

உழாத நிலத்தில் அடுத்து எழும் கேள்வி களை. அமெரிக்காவிலும், ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியிலும் உழாமல் சோளம் விளைவிக்கும்போது களைக்கொல்லியே கலப்பையின் இடத்தை நிரப்புகிறது. குண்டூர்ப் பகுதியில் நெல் அறுத்த தாளடியிலேயே சோளம் ஊன்றப்படுகிறது. அங்கு நெல்லின் எஞ்சிய ஈரமும் பாசனமும் துணை நிற்கின்றன என்பதால், அவ்வெற்றியை மானாவாரிக்கு அப்படியே பொருத்திக் காட்டுவது தவறாகும்.

மீனாட்சிபுரம் எல்லையூர் என்பதால் இங்கு வேறொரு சிக்கலும் உண்டு. சோளத்தில் களை முளைக்கும் முன் தெளிப்பதற்கு அட்ரசின் என்னும் மருந்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகள் கூறுகின்றன. கேரள அரசோ 2011-இல் தடை செய்த 14 மருந்துகளுள் அட்ரசினும் பாராகுவாட்டும் அடங்கும். 2019-இல் கிளைபோசேட்டுக்கும் அவ்வரசு தடை விதித்தது. 2022-இல் மத்திய அரசும் கிளைபோசேட் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி அறிவிக்கை வெளியிட்டது. ஆகவே, பொள்ளாச்சியில் அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தைக் கொண்டு மீனாட்சிபுரத்தில் அறிவுரை கூறுவது சட்டத்துக்கும் பொருந்தாது. மொழி ஒன்றாயிருப்பதும், மண் ஒன்றாயிருப்பதும் இவ்விடத்தில் கள அலுவலரை ஏமாற்றிவிடக் கூடும்.

மருந்து இசைந்தாலும் மற்றொரு தடை உண்டு. சோளத்தோடு தட்டைப்பயறு, மொச்சை, துவரை ஆகியவற்றை ஊடுபயிராக விதைப்பது இந்நிலத்தின் வழக்கம். பயறு கலந்த வயலில் அட்ரசின் தெளித்தல் கூடாது என்பதை அதே குறிப்புகள் வற்புறுத்துகின்றன. பயறு மண்ணுக்குத் தழைச்சத்தையும், குடும்பத்துக்குப் புரதத்தையும் தருவது. கலப்பையைக் காப்பாற்றுவதற்காகவும் கைவிடுவதற்காகவும் பயறை இழப்பது சிறந்த வாணிகம் ஆகாது. சோள வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லி உள்ள வயல்களில், அது பூத்து விதை சிந்துமுன் கையால் பிடுங்குவதே இன்றும் நம்பத்தக்க வழி.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். தண்டுத் துளைப்பான் புழு, அறுத்த தட்டிலும் அடிக்கட்டையிலும் உறங்கி, அடுத்த பயிருக்குத் தாவும். சென்ற பயிரில் அதன் தாக்குதல் கடுமையாக இருந்திருப்பின், அவ்வாண்டு அடிக்கட்டையை உழுது அழித்தலே நன்று. அடுத்து, உழாமல் விட்ட அடிக்கட்டை கோடை மழையில் துளிர்க்கும். அவ்விளந்துளிரில் மாட்டைக் கொல்லவல்ல ஹைட்ரோசயனிக் அமில நச்சு உண்டு. உழாமையைப் பரிந்துரைப்பவர், துளிர்த்த வயலில் மாட்டை விடலாகாது என்பதையும் உடன் சொல்லக் கடமைப்பட்டவர்.

செய்யத்தக்கது யாது?

மேற்கூறியவற்றால், உழாமை இப்பகுதிக்கு உதவாது என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை டிராக்டரை ஓட்டி, சுழற்கலப்பையால் மண்ணை மாவாக்கி, பின்னர் வெயிலிலும் மழையிலும் வெறுமையாக விடும் இன்றைய வழக்கம் இரண்டு முறைகளின் தீமைகளையும் ஒருங்கே உடையது. நாட்டுக் கலப்பைக் காலத்து உழவுகூட இத்துணை மண்ணைத் தூளாக்கியதில்லை. மாற்றம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

முதற்படி தீவனம். கிணற்று நீர் உள்ளவர் சில சென்ட் நிலத்திலாவது கோ.எப்.எஸ். 29 போன்ற பலமுறை அறுக்கத்தக்க தீவனச் சோளத்தையோ, வேலிமசாலையோ வளர்க்கலாம். நீர் இல்லாதவர் வரப்பில் கிளைரிசிடியா, சூபாபுல் ஆகியவற்றையும், ஒதுக்கு நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லையும் வளர்க்கலாம். மாட்டுக்கு வேறு வழி காட்டாமல் தட்டை நிலத்துக்குக் கேட்பது முறையன்று.

இரண்டாம் படி, முதல் டன். தட்டு முழுவதையும் விட வேண்டுவதில்லை. தரையோடு ஒட்ட அறுக்காமல், ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரத்தில் அறுத்தால், மாடு விரும்பாத தடித்த அடிப்பகுதி நிலத்தில் நிற்கும். மாடு தின்று கழித்த தட்டுச் சக்கையையும் குப்பையில் எரிக்காமல் வயலுக்குத் திருப்பலாம். புஷ்லாந்தின் குளிரில் கிடந்த தாள் இங்குள்ள வெயிலிலும் கறையானிடத்தும் அவ்வளவு நாள் தங்காது என்பது உண்மையே. ஆதலின் அங்கு கண்ட பயன் முழுவதும் இங்குக் கிட்டும் என்று வாக்களித்தல் கூடாது. ஆயினும் சிறிதளவு மூடாக்கே பெரும்பங்கு பயன் தரும் என்னும் விதி சிறு விவசாயிக்கு எட்டக்கூடியதாகும்.

மூன்றாம் படியே கலப்பை. அதுவும் மண்ணுக்கேற்ப வேறுபட வேண்டும். கரிசலில், மூடாக்கு ஓரளவு தங்கிய வயலில், உழவைப் படிப்படியாகக் குறைத்து, விதைக்கும் சாலை மட்டும் கிளறி விதைக்கலாம். பயிருக்கு இடையே வெடிப்பு விழும்போது பலுகு ஓட்டி மூடுவது அங்கு இன்றியமையாதது. செம்மண்ணில், மூடாக்கு இல்லாதவரை ஒரு கோடை உழவைக் கைவிடுதல் ஆகாது. அடியில் கடினத் தட்டு உள்ள இடங்களில் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அரை மீட்டர் இடைவெளியில் உளிக் கலப்பை ஓட்டும் முறை தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படுகிறது. மண்ணைப் புரட்டாமல் நீர் இறங்க வழி செய்வதால் அது இரு தரப்புக்கும் நடுவான வழியாகும். சரிவுக்குக் குறுக்கே உழுதலும், பகுதிப் பாத்தி அமைத்தலும் எம்மண்ணுக்கும் பொருந்தும்.

இவ்வாறு படிப்படியாகச் செல்வதால் காலம் வீணாகும், விரைந்து பரப்பினால்தான் மண் பிழைக்கும் என்று சிலர் கூறக்கூடும். அவர்களது கவலை நேர்மையானது. ஆனால் மானாவாரி விவசாயிக்கு ஒரு பட்டம் தவறினால் ஓராண்டு தவறியதாகும். வெறும் நிலத்தை உழாமல் விட்டு, ஆடி மழை வழிந்தோடி, களை மண்டி, விளைவு குன்றிய ஒருவன், அடுத்த பத்தாண்டுகளுக்கு அச்சொல்லையே கேட்கமாட்டான். அவனைக் கண்ட அண்டை வயல்காரர்களும் கேட்கமாட்டார்கள். இத்தனை ஏக்கரில் உழாமை பரப்பப்பட்டது என்னும் கணக்கைக் காட்டிலும், இத்தனை ஏக்கரில் கோடைக்காலத்தில் நிலம் மூடப்பட்டிருந்தது என்னும் கணக்கே அறிக்கைகளில் இடம்பெறத் தக்கது.

பள்ளியின் பங்கு

சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஊர்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அங்குப் பயிலும் மாணவர் பலரும் விவசாயக் குடும்பத்தினர். பள்ளித் தோட்டத்தில் மூன்று சிறு பாத்திகள் போதும். ஒன்றை உழுது வெறுமையாக விடுக. ஒன்றை உழாமல் வெறுமையாக விடுக. ஒன்றை உழாமல் சோளத்தட்டால் மூடுக. மூன்றையும் ஒரே சரிவில் அமைத்து, கீழ்க்கோடியில் ஒரு பாத்திரத்தைப் புதைத்து, ஒவ்வொரு மழைக்கும் வழிந்த நீரையும் மண்ணையும் மாணவர்களே அளக்கட்டும். மழை நின்ற பத்தாம் நாள், ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து நிறுத்து, நன்கு உலர்த்தி, மீண்டும் நிறுத்தால் ஈரத்தின் அளவு தெரியும். ஒரு சாதாரணத் தராசே இதற்குப் போதுமானது.

முடிவு எவ்வாறு அமையும் என்பதை முன்கூட்டியே மாணவர்க்குச் சொல்லிவிடுதல் நன்றன்று. கரிசலில் ஒருவாறும் செம்மண்ணில் வேறொருவாறும் அமையலாம். அவ்வேறுபாடே பாடமாகும். நடுவிலுள்ள பாத்தி, அதாவது உழாமலும் மூடாமலும் விட்ட பாத்தி, எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைத் தனியே கவனிக்கச் செய்தல் வேண்டும். கலப்பையை நிறுத்துவது வேறு, நிலத்தைக் காப்பது வேறு என்பதை எந்தச் சொற்பொழிவையும்விட அது தெளிவாக உணர்த்தும். அம்மாணவன் மாலையில் வீடு திரும்பித் தந்தையிடம் கூறும் எண்ணிக்கை, எல்லைக்கு இருபுறமும் அச்சாகும் பிரசுரங்களைவிட அவ்வீட்டில் மதிப்புப் பெறும்.

உழவா உழாமையா என்று விவசாயியைக் கேட்பதற்கு முன், அவன் தட்டுப் போரின் உயரத்தையும், தொழுவத்திலுள்ள மாடுகளின் எண்ணிக்கையையும் கள அலுவலர் கேட்டறிதல் வேண்டும். அவ்விரண்டுக்கும் விடை கிடைத்தபின், கலப்பையைப் பற்றிய விடை பெரும்பாலும் தானே கிடைத்துவிடும்.